தஞ்சைப் பெரிய கோயிலின் இரண்டு குடமுழுக்குகள்: ஓர் இடம் எவ்வாறு புனிதமாகிறது?

2020 பிப்ரவரி 5ஆம் தேதி காலையில், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து உச்சியில், யாகசாலையிலிருந்து தலையில் சுமந்து வரப்பட்ட குடங்களின் நீர் கலசத்தின்மேல் ஊற்றப்பட்டது. 23 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கோயில் கண்ட குடமுழுக்கு அது. அதற்கு முந்தையது 1997 ஜூன் 9இல் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 7ஆம் தேதி, மதிலுக்குள் போடப்பட்டிருந்த யாகசாலைக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, நெருப்பிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஒரே கோயில், ஒரே ஆகமச் சடங்கு. ஒன்று துயரத்தோடும் மற்றொன்று நீதிமன்ற வழக்கோடும் நடந்தேறியது.

ஓர் இடத்தைப் புனிதப்படுத்துகிறோம் என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன செய்கிறோம் என்பதை ஆராய இந்த இரண்டையும் விடத் தகுந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் அரிது. நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். புனிதம் என்பது கல்லில் ஒருமுறை ஏற்றிவிட்டு, பின்னர் கதவைச் சாத்திப் பாதுகாத்தால் போதும் என்றிருக்கும் ஒரு குணம் அன்று. அது மனிதர்கள் ஏற்றுக்கொண்டு, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி, தேயத் தேயப் புதுப்பித்துக் காக்க வேண்டிய பொறுப்பு. இதைப் புதிய சிந்தனையாக நான் முன்வைக்கவில்லை. குடமுழுக்குச் சடங்கின் ஒவ்வொரு படியும் இதைத்தான் சொல்கிறது.

கல்வெட்டு காட்டும் தொடக்கம்

முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், அதாவது 1010ஆம் ஆண்டில், விமானத்துச் செம்பு ஸ்தூபித்தறியில் (உச்சித் தண்டில்) வைப்பதற்காகச் செப்புக்குடம் ஒன்றைக் கொடுத்தான். குடத்தின் எடை 3083 பலம் என்றும், அதன்மேல் வேய்ந்த பொன் தகட்டின் எடை 2926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கூறுகிறது. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதி வைத்திருக்கும் இந்தக் கணக்கில் பக்தி குறைவு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. இறைவனுக்கென்று ஒதுக்கிய பொருள் இனி யாருடைய கையிலும் கரைந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அந்த அரைக் கழஞ்சு. புனிதமாக்குவதன் முதற்செயல் ஒதுக்கி வைப்பது என்றால், அதன் இரண்டாம் செயல் கணக்கு வைப்பது.

“நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக” என்ற அரசாணையைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவார்கள். அரசனின் கொடையும், தமக்கை குந்தவையின் கொடையும், பெயர் தெரியாத மற்றவரின் கொடையும் ஒரே சுவரில் ஏறின. ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியமானது, கொடையாளர்களைத் தாண்டி உழைப்பாளர்களையும் அந்தச் சுவர் ஏற்றுக்கொண்டது என்பதாகும். திருப்பதியம், அதாவது தேவாரப் பாடல்கள், விண்ணப்பம் செய்ய 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேருக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் இறந்தாலோ வேறிடம் போனாலோ அவருடைய உறவினர் அந்த இடத்தில் நின்று பாட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் எந்தத் தெரு, எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்பதோடு பதிவாகியிருக்கிறார்கள். குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கன்னார், விளக்கேற்றுவோர் என நீளும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பது கல்லில் இருந்தது.

இதே கல்வெட்டுகளில் ஒரு கசப்பும் இருக்கிறது. கோயிலுக்கு வரி தரும் ஊர்களின் நிலக்கணக்கில் இருந்து நீக்கப்படும் இடங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாளரின் கம்மாணச்சேரியும் தனியே குறிக்கப்படுகின்றன. நெல் எந்த வயல்களில் இருந்து வந்ததோ, அந்த வயல்களில் உழைத்தவர்களின் குடியிருப்பு வேறாகப் பிரிக்கப்பட்டே இருந்தது. பிரித்து வைப்பது என்ற செயல் பொருளோடு நின்றுவிடாமல் ஆட்களையும் பிரிக்கத் தொடங்கும் இடம் இது. இந்தப் பேச்சுக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

சடங்கின் உள்ளே

ஆகம மரபு குடமுழுக்கை நான்கு வகையாகப் பிரிக்கிறது. புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் செய்வது ஒன்று. சிதைந்ததைப் புதிதாக நிறுவும்போது செய்வது மற்றொன்று. வழக்கமான திருப்பணிக்குப் பின் செய்வது மூன்றாவது. தீட்டோ விபத்தோ நேர்ந்த கோயிலுக்குச் செய்வது நான்காவது. இந்த நான்கில் மூன்று, ஏற்கெனவே புனிதமாக இருந்த இடத்துக்கு உரியவை. ஏறிய புனிதம் இறங்கும், தேயும், குலையும் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொண்டுதான் இந்த மரபு தொடங்குகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற வழக்கத்தின் அடிப்படையும் அதுவே.

திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்யப்படும். பெரிய கோயிலில் இது 2019 டிசம்பர் 2ஆம் தேதி நடந்தது. இந்தச் சடங்கில், மூர்த்தியில் உறையும் ஆற்றல் தருப்பையாலும் மந்திரத்தாலும் கும்ப நீருக்கு ஈர்க்கப்படுகிறது. பிறகு அத்திப் பலகை போன்ற ஓர் எளிய பொருளில் எழுதிய உருவத்துக்கு மாற்றப்படுகிறது. அதுவரை அர்ச்சகரைத் தவிர வேறெவரும் தொடக்கூடாததாக இருந்த கல்லை அதன்பின் ஸ்தபதியும் கொத்தனாரும் தொடலாம். விமானத்தின்மேல் சாரம் கட்டி ஏறலாம். சிற்பங்களின் மீது கால் வைக்கலாம். நேற்று வரை எவர் தொட்டாலும் தோஷம் என்றிருந்த இடத்தில் இன்று உளி விழுகிறது. கல் மாறவில்லை. அதனோடு மனிதர்கள் கொண்டிருந்த உறவைச் சிறிது காலம் வேறோரிடத்தில் இறக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

யாகசாலையில் வைக்கப்படும் கும்பத்தை அருகில் நின்று பார்த்தால் இந்தச் சிந்தனை கண்ணுக்கே தெரியும். குடத்தின்மேல் வெள்ளை நூலை நெருக்கமாகக் கட்டம் கட்டமாகச் சுற்றியிருப்பார்கள். குடம் உடல், நூல் நரம்பு, உள்ளே இருக்கும் நீர் குருதி, வாயில் செருகிய மாவிலை சடை, மேலிருக்கும் தேங்காய் தலை என்பது அதன் பொருள். மண்ணால் அல்லது உலோகத்தால் ஆன ஒரு பாத்திரத்துக்கு ஒரு மனித உடலை அணிவித்த பிறகே இறைமையை அதற்குள் அழைக்கிறார்கள். பல கால பூஜைகள் முடிந்த பின் யாகசாலைக்கும் கருவறைக்கும் இடையே நூலையோ தருப்பைக் கயிற்றையோ கட்டி, அந்த இணைப்பின் வழியே ஆற்றல் மூலவரிடம் திரும்புவதாகப் பாவிக்கிறார்கள். இதை நாடி சந்தானம் என்பார்கள். பிறகுதான் குடம் புறப்பாடு.

மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் எட்டுப் பொருள் மருந்தாகிய அஷ்டபந்தனம் இன்னும் உழைப்பு மிகுந்தது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, ஜாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் கல்லில் இட்டு இடிப்பார்கள். மணிக்கணக்கில் மாறி மாறி ஆட்கள் இடித்த பின், அடியின் சூட்டிலேயே கலவை இளகி மெழுகு போல வரும். நின்றால் இறுகத் தொடங்கும் என்பதால் இடையில் நிறுத்த முடியாது. அதைத் திரியாக உருட்டி, மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையில் உள்ள பிளவில் விரலால் அழுத்துவார்கள். சில நாளில் அது கல்லாகிவிடும். நாள்தோறும் அபிஷேக நீர் படும் இடம் ஆதலால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மருந்தில் வெடிப்பு விழும். நீர் அடியில் இறங்கும். குடமுழுக்கைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்குச் சாத்திரக் காரணம் மட்டும் அல்லாமல் இப்படி ஒரு கட்டடக் காரணமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது நம் முன்னோரின் நிதானம்.

பெரிய கோயிலின் அஷ்டபந்தனம் பற்றி வழிவழியாக வரும் ஒரு கதை உண்டு. இராசராசன் காலத்தில் எத்தனை முறை சாத்தியும் மருந்து இறுகவில்லையாம். கருவூர்த் தேவர் வந்து, தாம் மென்றுகொண்டிருந்த தாம்பூலச் சாற்றை உமிழ்ந்தாராம், உடனே இறுகியதாம். கருவூர்த் தேவர் இராசராசேச்சரத்தைப் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது; அவருக்குக் கோயில் திருச்சுற்றில் சந்நிதியும் இருக்கிறது. கதை வரலாறாக இருக்க வேண்டியதில்லை. விதிப்படி எல்லாம் சுத்தமாகச் செய்தும் நிறைவேறாத ஒன்று, விதியின்படி தீட்டாகிய எச்சிலால் நிறைவேறியது என்று சொல்ல ஒரு மரபுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! கண்ணப்பரை நாயனாராக வைத்திருக்கும் சமயத்துக்கு அந்தத் துணிவு இயல்பானது.

1997

மேற்கண்டவற்றை மனத்தில் கொண்டு 1997 ஜூன் 7க்கு வருவோம். யாகசாலை என்பது தீ வளர்ப்பதற்கென்றே அமைக்கும் இடம். அதை ஓலையும் கீற்றும் கொண்டு வேய்வது நெடுநாள் வழக்கம். திறந்த வெளியில் சிலர் கூடும் ஊர்க்கோயிலுக்கு அது ஒத்துவந்திருக்கலாம். பெருங்கூட்டம் நெருங்கி நிற்கும் மதிலுக்குள், ஜூன் மாத வெயிலில் காய்ந்த கீற்றுக்குக் கீழே குண்டங்கள் எரிவது என்ன விளைவைத் தரும் என்பதை அந்த மாலை காட்டியது. பிடித்த தீ பந்தல் முழுவதும் பரவியது. தப்பிக்க ஓடியவர்களும் விழுந்து மிதிபட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, குறித்த நாளிலேயே குடமுழுக்கு நடந்தது. தொடங்கிய சடங்கைப் பாதியில் விடக்கூடாது, இறக்கி வைத்த ஆற்றலை ஏற்றாமல் கோயிலை வெறுமையாக விடக்கூடாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கும்பத்தில் இருப்பதை மூலவரிடம் சேர்க்கும் கடமை அர்ச்சகருக்கு உண்டு. ஆயினும் விபத்தும் மரணமும் நேர்ந்த கோயிலுக்கென்றே தனி வகைக் குடமுழுக்கை வகுத்து வைத்திருக்கும் மரபுக்கு, நின்று துக்கம் காத்து மீண்டும் தொடங்குவதற்கான இடமும் இருந்தது. இறந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். அந்தச் சடங்கை நிறைவு செய்ய வந்தவர்கள். குடமுழுக்கைக் காண்பவர் கண்ணும் சடங்கின் ஒரு பகுதி என்று நம்பும் சமூகத்தில் அவர்களின் உயிர், முகூர்த்த நேரத்தைவிடக் குறைந்த புனிதம் உடையது ஆகாது.

அந்த விபத்தைத் தெய்வக் குற்றம் என்று பேசியவர்கள் பலர். இந்தக் கோயிலைச் சுற்றி இத்தகைய பேச்சு புதிதன்று. ஆட்சியில் இருப்போர் முதன்மை வாயில் வழியாக வந்தால் பதவி நிலைக்காது என்ற நம்பிக்கையும் நெடுநாளாக உலவுகிறது. அச்சத்தைப் புனிதம் என்று கொள்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். தெய்வக் குற்றம் என்று சொன்ன உடனே கீற்றும், நெரிசலும், வெளியேறும் வழியும் பேச்சிலிருந்து விலகிவிடுகின்றன. யாரைக் கேட்பது என்பதைக் கல்லில் வெட்டி வைத்த கோயிலில், யாரையும் கேட்க முடியாதபடி பொறுப்பு கரைந்துபோகிறது.

பாடம் முழுவதும் வீணாகவில்லை. 2018 டிசம்பரில் தனியார் ஆன்மிக அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சிக்காகக் கோயில் வளாகத்துக்குள் பந்தல் எழுந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத் தடை விதித்தது. 2020இல் யாகசாலை கோயிலுக்கு அருகே உள்ள பெத்தண்ணன் கலையரங்கத்தில் 110 குண்டங்களோடு அமைக்கப்பட்டது. யாகசாலை மதிலுக்குள் இல்லாததால் சடங்கின் சிறப்பு குன்றியதாக எவரும் உணரவில்லை.

வாயில் யாருக்கு

ஆட்களைப் பிரிப்பது பற்றி மேலே சொன்னதற்கு இங்கே திரும்ப வேண்டும். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் நுழைந்தபோது, கோயில் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கருதிய பட்டர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். அதே ஆண்டில் தஞ்சையில், மராட்டிய அரச குடும்பத்தவரான பரம்பரை அறங்காவலர், பெரிய கோயிலையும் அரண்மனை தேவஸ்தானத்தின் மற்றக் கோயில்களையும் தாமாகவே தாழ்த்தப்பட்ட சமூகத்தினருக்குத் திறந்துவிட்டார். காந்தியடிகள் அதைப் பாராட்டினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1010 முதல் 1939 வரை எத்தனையோ முறை குடமுழுக்குக் கண்ட இந்தக் கோயிலில், எந்தச் சடங்கும் செய்யாமல், ஒரு வாயிலைத் திறந்ததன் மூலம் நடந்த மாற்றம் அது. சடங்கு புனிதத்தை ஏற்றுகிறது என்றால், அந்தப் புனிதத்தின்மேல் படிந்திருந்த ஒரு பெரிய கறையை நீக்கியது கும்ப நீர் அன்று, ஓர் அறங்காவலரின் முடிவு. ஆகமத்தில் இதற்குப் பெயர் இல்லாமல் இருக்கலாம். குடமுழுக்கின் வரிசையில் இதையும் வைத்து எண்ணுவதே நேர்மை என்பது என் கருத்து.

எந்த மொழியில்

2020 குடமுழுக்கு அறிவிக்கப்பட்டதும், அதைத் தமிழில் நடத்த வேண்டும் என்று தஞ்சைப் பெரிய கோயில் உரிமை மீட்புக் குழு உள்ளிட்டோர் கோரினார்கள். ஆகம விதிப்படி சமஸ்கிருதத்தில்தான் நடத்த வேண்டும் என்று எதிர்த்தரப்பு கூறியது. தமிழ், சமஸ்கிருதம் ஆகிய இரண்டு மொழிகளிலும் நடத்தப்படும் என்று இந்து சமய அறநிலையத் துறை நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதை ஏற்று ஜனவரி 31ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிப்ரவரி 1 முதல் எட்டுக் கால பூஜைகள் நடந்தன. ஐந்தாம் தேதி நீர் ஊற்றப்பட்டபோது வேத மந்திரத்தோடு திருமுறையும் ஒலித்தது.

இந்த வழக்கில் இரு தரப்பும் பேசியது ஒரே கேள்வியைத்தான்: புனிதப்படுத்தும் சொல்லைச் சொல்ல உரிமை யாருக்கு? இராசராசன் 48 பேரைத் திருப்பதியம் பாடவென்றே நியமித்து நெல் அளந்த கோயிலில், தமிழ் ஒலிக்கலாமா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிய நிலை வந்தது எனக்கு வருத்தம் தருகிறது. அதே வேளையில், அந்தப் பாடகர்கள் நின்ற இடம் கருவறையின் மந்திரச் செயலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைக் கல்வெட்டு தீர்த்துவைக்கவில்லை என்பதையும் தமிழ் ஆர்வலர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைமை மட்டும் நம் பக்கம் நின்று வழக்காடாது. வலுவான காரணம் வேறு: பொறுப்பைத் தாங்குபவருக்கு அந்தப் பொறுப்பை ஏற்கும் சொல் புரிய வேண்டும். குடமுழுக்கைக் காண வந்த மக்கள் கூட்டத்தின் பெரும்பகுதிக்குப் புரிந்த மொழி எது என்பதில் ஐயமில்லை.

தொல்லியல் துறை, அறநிலையத் துறை, அரண்மனை தேவஸ்தானம் ஆகிய மூன்றின் கீழும் இருக்கும் இந்தக் கோயில், 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகும். சின்னமாகப் பாதுகாப்பதும் கோயிலாக வழிபடுவதும் வேறுபட்ட செயல்கள். இராசராசன், உலகமாதேவி ஆகியோரின் செப்புத் திருமேனிகள் பல ஆண்டுகள் அகமதாபாத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் நன்றாகவே பாதுகாக்கப்பட்டிருந்தன. 2018இல் அவை தஞ்சைக்குத் திரும்பி வந்தபோது மக்கள் மேளதாளத்தோடு எதிர்கொண்டு பூத்தூவினார்கள். உலோகத்தில் எந்த மாற்றமும் இல்லை; எதிர்கொண்டு அழைக்க ஆட்கள் இருந்தார்கள்.

குடமுழுக்குக்குப் பின்

குடமுழுக்கைத் தொடர்ந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சிறப்பு அபிஷேகம் செய்து ஏற்றியதை நிலைநிறுத்த வேண்டும் என்பது பொது விதி. பிப்ரவரி 5இல் இருந்து எண்ணினால் 48ஆம் நாள் மார்ச் 23. கொரோனா தொற்றின் காரணமாகத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் உள்ள சின்னங்கள் அனைத்தையும் மார்ச் 17இல் மூடிவிட்டது. லட்சக்கணக்கானோர் சூழப் புனிதமாக்கப்பட்ட இடம், அந்த மண்டலக் கணக்கு நிறைவதற்கு முன்பே மக்களுக்கு அடைக்கப்பட்டது. தமிழகத்தின் பெரிய கோயில்கள் பொதுமக்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1ஆம் தேதிதான்.

மக்கள் இல்லாவிட்டால் புனிதம் இல்லை என்று நான் வாதிடுவதாக யாரேனும் கருதினால், அந்த மாதங்கள் எனக்கு எதிரான சான்று. அர்ச்சகர் தனியே சென்று விளக்கேற்றுவதும் நைவேத்தியம் வைப்பதும் போதுமானதாகவே மரபு கருதுகிறது. நான் சொல்வது சற்று வேறானது. அந்த ஒற்றை விளக்கையும் யாரோ ஒருவர் ஏற்ற வேண்டியிருந்தது. எண்ணெய் யாரோ ஒருவர் கொடுத்தது. அவர் வராத நாளில் வேறொருவர் வர வேண்டியிருந்தது.

12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்த குடமுழுக்கு 2032இல் வர வேண்டும். அதற்கான வேலை யாகசாலையில் தொடங்குவதில்லை. பந்தல் எங்கே, எதைக் கொண்டு வேய்வது, எத்தனை பேரை உள்ளே விடுவது, எந்த வழியாக வெளியேற்றுவது என்பதை எழுதி, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் பெயரோடு முன்கூட்டியே வெளியிட வேண்டும். மொழி பற்றிய முடிவைக் கடைசி வாரத்தில் நீதிமன்றத்திடம் தள்ளாமல், ஓதுவார்களையும் சிவாச்சாரியார்களையும் ஒன்றாக அமர்த்தி நிகழ்ச்சி நிரலில் இடம் பிரித்துத் தர வேண்டும். மருந்து இடிப்பவர், சாரம் கட்டுபவர், குடத்துக்கு நூல் சுற்றுபவர் ஆகியோரின் பெயர்கள் கொடையாளர் பெயர்களோடு ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். முதற்கால பூஜைக்கு முன், 1997இல் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும் யாகசாலையில் உரக்க வாசிக்க வேண்டும். முதல் கொம்பரக்குத் துண்டு கல்லில் விழும் முன்பே இவை அனைத்தும் முடிவாகியிருக்க வேண்டும்.